அரியாங்குப்பத்து உப்பங்கழியில் கயாக்கும் பறவைகளும்: ஒரு நாள் வழிகாட்டி

முதல் தடவை நானும் என் அத்தை மகனும் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்தாற்றில் கயாக் எடுத்தது ஒரு பௌர்ணமி நாளில். ஒன்பது மணிக்கு மேல் சாவகாசமாகக் கிளம்பினோம். அலையாத்திக் காட்டுக்குள் ஒரு சின்ன வாய்க்கால் தெரிந்தது, நிழலாக இருந்தது, நுழைந்துவிட்டோம். கால் மணி நேரத்தில் படகு அசையவில்லை. தண்ணீர் எங்கள் கண்ணெதிரே வடிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சேறு, நடுவில் நாங்கள். வலை எடுக்க வந்த ஒரு பெரியவர் கயிறு போட்டு இழுத்துவிட்டு, "தண்ணி வத்துற நேரத்துல சின்ன வாய்க்கால்ல யாராச்சும் பூருவாங்களா தம்பி? வீட்டுல காலண்டர் கூடவா இல்ல?" என்றார்.

அவர் கேட்ட கேள்விதான் இந்த வழிகாட்டியின் பாதி. துடுப்புப் போடுவதை அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்த்துக் கிளம்புவதுதான் கழியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: எவ்வளவு களைப்பீர்கள், எங்கே போக முடியும், எந்தப் பறவை கண்ணில் படும் என்பது உட்பட.

இடம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செஞ்சி மலைப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. வடக்குக் கிளை அரியாங்குப்பத்தாறு. கடலூர் சாலையில் முருங்கப்பாக்கத்துக்கும் அரியாங்குப்பத்துக்கும் நடுவே பாலத்தில் பேருந்து ஏறும்போது கீழே தெரிவது இந்த இரண்டாவதுதான். அங்கிருந்து துறைமுக முகம்வரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஆறு என்று பெயரே தவிர, மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம் உள்ளே இருப்பது கடல் தண்ணீர்தான். ஒரு பக்கம் தேங்காய்த்திட்டின் அலையாத்தி மரங்கள், இன்னொரு பக்கம் பழைய துறைமுகமான அரிக்கமேடு.

நாள் குறிப்பது

நம் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை எட்டுக்கு ஏறி முடிந்தால், நாளை காலை எட்டே முக்காலைத் தாண்டித்தான் முடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், ஓட்டமும் வேகமாக இருக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி இரண்டுமே சோம்பல்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் அளவுக்குக் கடல் ஏறி இறங்கும் என்பார்கள். இங்கே பெரிய நாளிலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆனால் முழங்கால் ஆழ வாய்க்காலில் அந்த ஒரு மீட்டர்தான் மிதப்பதற்கும் மாட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம்.

புதுச்சேரிக்கான ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல், இணையத்தில் கிடைக்கும். அதில் காலை ஏழரை முதல் எட்டரைக்குள் தண்ணீர் முழுதாக வற்றும் நாளைத் தேடுங்கள். காரணம் எளிது. ஆறு மணிக்குப் பாலத்துப் பக்கம் இறங்கினால், வற்றும் தண்ணீர் உங்களைக் கடல் பக்கம் கொண்டுபோகும். எட்டு மணிக்குச் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும், பறவைகள் இரை தேட இறங்கும். அப்புறம் தண்ணீர் ஏறத் தொடங்கும், கடல்காற்றும் மெல்ல எழும், இரண்டும் சேர்ந்து உங்களை மேற்கே, கிளம்பிய இடத்துக்கே தள்ளிவிடும். போகும்போதும் வரும்போதும் ஆற்றின் வேலை, உங்களுக்குத் திசை பிடிக்கிற வேலை மட்டும்.

இன்னொரு சின்ன உபாயம். தோதான நாள் ஒன்று கிடைத்ததும் அன்றைய திதி என்ன என்று தினசரிக் காலண்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள். ஓதம் சந்திரனுக்குக் கட்டுப்பட்டது என்பதால், அடுத்த பட்சத்தில் அதே திதியன்று ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வற்றும். ராகுகாலம் பார்க்கிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மாதம் என்றால் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம்வரை. வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் இருக்கும், வெயில் கடிக்காது. ஏப்ரலுக்கு மேல் காலை ஒன்பதுக்கே உட்கார முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது கயாக்கை மறந்துவிடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது சங்கராபரணி என்ன பாடு படுத்தியது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்ட பிறகும் மேலே வீடூர் அணையைத் திறந்தால் இங்கே தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கும். ஆகாயத்தாமரைக் கொத்துகள் மிதந்து வருவதைப் பார்த்தால் மேலிருந்து நல்ல தண்ணீர் பாய்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் அந்தச் செடி உப்பில் வளராது. அன்றைக்குத் திரும்பிப் போய்விடுங்கள்.

படகும் உடுப்பும்

முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் சுற்றுவட்டாரத்தில் கயாக் வாடகைக்கு விடுகிறவர்கள், கூடவே ஆள் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள். கூட வருபவர் இந்தக் கழியில் பழகினவரா? உங்கள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா? ஜாக்கெட்டைப் போட்டு, பட்டையை இறுக்கி, ஒருவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் அளவு பெரிது. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு "பரவாயில்லை சார்" என்று சொல்கிற இடத்தில் நான் இறங்குவதில்லை.

புதியவர்களுக்கு மேலே உட்காரும் வகைக் கயாக் நல்லது. கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள், ஏறிய தண்ணீரும் அடியில் உள்ள ஓட்டைகள் வழியே தானே வடியும். இருவர் கயாக் என்றால் கனமானவர் பின்னால், பொறுமைசாலி முன்னால். கணவன் மனைவி ஒரே படகில் போவது பற்றி அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

காலில் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ள செருப்புக்கூட சேற்றில் கழன்றுவிடும். கயிறு கட்டும் பழைய கான்வாஸ் ஷூ போதும். அலையாத்தி வேர்களில் ஆளி ஒட்டியிருக்கும், பிளேடு மாதிரி அறுக்கும். முழுக்கை பனியன், தாடையில் கட்டும் தொப்பி, மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் பின்னால் ஒரு கயிறு. துப்பட்டா, புடவை, லுங்கி மூன்றும் கரையில் இருக்கட்டும். ஜீன்ஸ் நனைந்தால் கல்லாகிவிடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வாயை இறுக்கிக் கட்டும் நீர்புகாப் பை, அதற்குள் போன். தொலைநோக்கி உண்டென்றால் 8 மடங்குக்கு மேல் வேண்டாம். படகு ஆடும்போது 10 மடங்கில் பறவைக்குப் பதில் வாந்திதான் வரும். கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அலையாத்திக் காட்டில் அதற்கு ஒதுங்க இடம் கிடையாது, குறிப்பாகப் பெண்களுக்கு.

துடுப்பு

இரண்டு பக்கமும் மட்டை உள்ள துடுப்பு. தலைமேல் வைத்துப் பிடித்தால் முழங்கை இரண்டும் செங்கோணமாக மடங்க வேண்டும், அதுதான் கைகளுக்கு இடையே உள்ள சரியான தூரம். மட்டையின் குழிந்த பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். பாதத்துக்குப் பக்கத்தில் முக்கி, இடுப்புக்குப் பக்கத்தில் எடுத்துவிடுங்கள். பின்னால் வரை இழுத்தால் படகு கோணும்.

கையால் இழுக்காதீர்கள். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்புங்கள், ஆட்டுக்கல் சுற்றும்போது உடம்பு திரும்புமே அப்படி. கையால் மட்டும் வலித்தவருக்கு மறுநாள் தோசை பிய்க்கக்கூட வராது. வலப்பக்கம் திரும்ப இடப்பக்கம் அகலமாக ஒரு வட்டம் போடுங்கள். நிறுத்த, இரு பக்கமும் மாறி மாறிச் சின்னச் சின்னதாகப் பின்னோக்கிக் குத்துங்கள்.

ஆழமில்லாத இடத்தில், கரைக்குப் பக்கத்திலேயே, ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். பலருக்கும் பயம் அதோடு போய்விடும். ஏறும் முறை: கவிழ்ந்த படகை நிமிர்த்தி, நடுவில் கை ஊன்றி, நீச்சல்போல் காலை உதைத்து வயிறு படகின் குறுக்கே படும்படி விழுங்கள். அப்புறம் புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே கொண்டுவாருங்கள். முதலிலேயே எழுந்து உட்கார முயன்றால் மறுபடி தண்ணீர்தான்.

ஆறு மணிக்கு இறங்கி

முதல் அரை கிலோமீட்டர் அழகாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். பாலத்தின் மேல் பேருந்து ஹாரன், கீழே பிளாஸ்டிக் பாட்டில், ஊர்க்கழிவின் வாடை. தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான், கையில் காயம் இருந்தால் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு இறங்குங்கள். வளைவு தாண்டியதும் சத்தம் அடங்கும்.

வலைகளைக் கவனியுங்கள். தண்ணீர்மேல் வரிசையாக மிதக்கும் தெர்மகோல் துண்டோ காலி பாட்டிலோ தெரிந்தால் கீழே செவுள் வலை இருக்கிறது. அதைக் கடக்காமல் முனையைச் சுற்றிப் போங்கள். வீச்சுவலை வீசப்போகிறவர் எதிரே இருந்தால் தூரத்திலேயே நின்று, அவர் வீசி இழுக்கும்வரை காத்திருங்கள். "அண்ணே, எந்தப் பக்கம் போகட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், வழியோடு சேர்த்து நீர்நாயை எங்கே பார்த்தார், மடவை எங்கே துள்ளுகிறது என்ற செய்தியும் கிடைக்கும். நமக்கு இது பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றைய சோறு.

தெற்குக் கரை உயர்ந்து, தென்னையும் மாமரமுமாகத் தெரியத் தொடங்கினால் அது அரிக்கமேடு. இங்கே துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சற்று மிதக்க வேண்டும். சாலை வழியாகக் காக்காயந்தோப்புக்குப் போய்ப் பார்த்தவர்கள், "அங்கே என்ன இருக்கிறது, ஒரு செங்கல் இடிபாடும் புல்லும்தான்" என்று ஏமாற்றத்தோடு திரும்புவார்கள். தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் அந்த இடம் ஏன் துறைமுகமானது என்று புரியும். கடல் அலை எட்டாத வளைவு, மேடான கரை, வற்றும் தண்ணீரோடு வெளியேறி ஏறும் தண்ணீரோடு உள்ளே வர வசதி. நாம் இன்றைக்குப் போட்ட கணக்கையே அன்றைய படகோட்டிகளும் போட்டிருப்பார்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் பக்கத்து மது ஜாடிகளின் உடைசல்களும் இத்தாலியச் சிவப்பு மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. அப்புறம் 1947 முதல் 1950வரை கசால், 1989 முதல் 1992வரை விமலா பெக்லி என்று மற்ற ஆய்வாளர்களும் தோண்டினார்கள். பாசிமணி செய்த ஊர் இது. மழைக்குப் பிறகு கரை ஓரத்தில் கண்ணாடி மணி பளபளக்கலாம். எடுக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம்.

எட்டு மணி: சும்மா இருப்பது

வற்றம் முடியும் நேரத்தில், துறைமுகத்துக்குள் போகும் முன்னாலேயே நின்றுவிடுங்கள். விசைப்படகுகள் வந்துபோகும் இடம் அது, கயாக்கில் உட்கார்ந்திருப்பவர் அவர்கள் கண்ணுக்கு ஒரு தேங்காய் மாதிரிதான் தெரிவார். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போவது பற்றி யோசிக்கவே வேண்டாம். வற்றும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் கயாக் நிற்காது.

பறவைகள் இறங்கும் திட்டுக்கு எதிரே, முப்பது நாற்பது அடி தள்ளி, படகின் மூக்கை மெல்ல ஓரத்துச் சேற்றில் ஒட்டி நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் அசையாதீர்கள். முதலில் ஒன்றுமே இருக்காது. பிறகு சேறு உயிர்பெறும். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் கட்டைவிரல் நகம் அளவு நண்டுகள் வரும். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவுக்குப் பெரிது, அதை மேலும் கீழும் ஆட்டிப் பெண்ணை அழைக்கும். பக்கத்திலேயே சேற்றில் தத்தும் உளுவை மீன். தண்ணீருக்கு வெளியே ஈரத்தோலாலும், செவுளறைக்குள் அடக்கி வைத்திருக்கும் நீராலும் மூச்சு விடும். நடுநடுவே ஒருபக்கம் புரண்டு உடம்பை நனைத்துக்கொள்ளும். கண் இரண்டும் தலை உச்சியில் இருப்பதால் நீங்கள் கொசு விரட்டக் கை தூக்கினாலும் தெரிந்துவிடும், எல்லாம் ஒரே நொடியில் மறைந்துவிடும், மறுபடி ஐந்து நிமிடம்.

பறவைகளைப் பெயரோடு அடையாளம் காண்பதைவிட நடத்தையைப் பார்ப்பது ஆரம்பத்தில் சுலபம். வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டே ஓரத்தில் நடப்பது சாதாரண உள்ளான். சிவப்புக் காலோடு எழும்பிக் கத்தி ஊரையே கூட்டுவது பவளக்காலி. அது இருக்கும் இடத்தில் மற்றவை எதையும் நெருங்க முடியாது. காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாய்வது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. கொம்பிலிருந்தே பாய்வது வெண்மார்பு மீன்கொத்தி. சேற்று நிறத்தில் இருக்கும் எதுவோ திடீரென்று வெள்ளையாகப் பறந்தால் மடையான். கழுத்தை மட்டும் பாம்பாக நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. இலைகளுக்குள் கூனிக்கொண்டு பகலெல்லாம் தூங்குகிற சாம்பல் உருவம் வக்கா, அதற்கு வேலை இரவில்தான். செம்பருந்தை நம் ஊரில் கருடன் என்று கும்பிடுவோம், இங்கே அது பெரும்பாலும் செத்த மீனைத்தான் பொறுக்கிக்கொண்டிருக்கும்.

நெருங்கிப் போகாதீர்கள். பறவை தலையை நிமிர்த்தினால் நீங்கள் ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவை வற்றம் இருக்கும் சில மணி நேரத்தில்தான் தின்ன முடியும். ஒரு செல்ஃபிக்காக அவற்றை எழுப்பிவிடுவது சாப்பாட்டு இலையிலிருந்து ஆளை எழுப்பிவிடுவது போன்றது.

ஏறும் தண்ணீரோடு வாய்க்காலுக்குள்

நுரையும் இலைச்சருகும் திசை மாறி மேற்கே நகரத் தொடங்கினால் ஏற்றம் வந்துவிட்டது. இப்போதுதான் சின்ன வாய்க்கால்களின் முறை. எங்களைக் கயிறு கட்டி இழுத்த பெரியவர் சொன்ன கணக்கு இதுதான்: வற்றும்போது பெரிய ஆற்றில், ஏறும்போது சின்ன வாய்க்காலில். ஏறும்போது மாட்டினாலும் பத்து நிமிடத்தில் தண்ணீரே தூக்கிவிடும்.

உள்ளே போனதும் மரங்களைப் பாருங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் நிற்பவை கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. அந்த மரத்தின் இலையை மெல்ல நாக்கில் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. குடைக்கம்பி போல வளைந்து ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கி, பிறகு விழும். குட்டி போடும் மரம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு வாரத்துக்கு மறக்க மாட்டார்கள்.

கிளையைப் பிடித்து இழுத்துப் படகை நிறுத்தாதீர்கள். எறும்புக்கூடு இருக்கும், பாம்பும் இருக்கலாம். சேற்றில் இறங்கவே இறங்காதீர்கள். தவறிக் கால் புதைந்தால் உதறாமல், படகின்மேல் மல்லாக்கச் சாய்ந்து, ஒவ்வொரு காலாக மெல்ல உருவுங்கள். ஷூ போனால் போகட்டும். நிலைமை கைமீறினால் 112. எந்த வாய்க்காலில் நுழைந்தீர்கள் என்று கரையில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த அழைப்புக்குப் பயன்.

பத்து மணிக்குக் கரை. நல்ல தண்ணீரில் கை கால் கழுவி, கீறலுக்கு மருந்து போட்டுவிட்டு, அப்புறம் இட்லி.

மிச்சப் பகல்

நடுப்பகலில் கழியில் பார்க்க ஒன்றுமில்லை, தூங்குங்கள். மாலை நாலு மணிக்கு ஊசுடு ஏரிக் கரை, அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் கழுவேலி. கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆழமில்லாத பரப்பு, கயாக்குக்கு ஏற்றதல்ல, கரையில் நின்று தொலைநோக்கியில் பார்க்க வேண்டிய இடம்.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், கயாக்கில் குந்த முடியாது என்றால் அவர்களுக்குக் கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்தக் காடு 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. துடுப்புப் படகில் படகோட்டியே வலித்துக் கூட்டிப் போவார். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரம் அங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும், கிளையை ஒடிக்க விடாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இருளர்கள் பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு கையாலேயே இறால் தடவிப் பிடிப்பதைப் பார்க்க நேர்ந்தால், போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

மறுநாளும் அரியாங்குப்பத்தாற்றுக்கே போவதென்றால் அலாரத்தைக் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் தள்ளி வையுங்கள்.